மச்சாளைத் தள்ளிவைத்த நவாரா ராசா

நவாரா என்று ஒரு ராச்சியம் இருந்தது ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாததால் ஒரு குறைவும் வரவில்லை. டென்மார்க்கில் இக்காஸ்ட் என்ற ஊரில் சொந்த வீடு, தொழிற்சாலையில் காலை வேலை, பின்னேரம் ஒரு குட்டித் தூக்கம் என்று என் பாட்டில் இருந்தேன். பாஸ்க் இனத்தாரின் அந்தப் பழைய மலைநாட்டை என் குசினி மேசை வரைக்கும் கொண்டுவந்து விட்டவர் என் சம்பந்தி.

சம்பந்தி என்று நான் சொல்வது மகளுக்குப் பிடிக்காது. தானும் அந்த டெனிஷ் பொடியனும் இன்னும் கலியாணம் கட்டவில்லை என்பாள். ரண்டர்ஸ் நகரில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். சேர்ந்து சோபா வாங்கிவிட்டார்கள். பூனைக்கு இரண்டு பேருடைய குடும்பப் பெயரையும் வைத்திருக்கிறார்கள். இதற்குப் பிறகும் பொடியனின் தகப்பனை நான் வேறு என்னவென்று சொல்வது?

மனிதர் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டு நிலையில் தலை இடிபடும் உயரம். ஒவ்வொரு கோடையும் மனைவியோடு பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவிலுள்ள மலைகளில் நடக்கப் போவார். போன இடத்தில் நவாராப் பைத்தியம் பிடித்துவிட்டது. எங்கள் ஊர் மாலைப் பள்ளியில் அதைப் பற்றி வகுப்பு எடுக்க ஒழுங்கு செய்தார். புதன்கிழமைகளில், ஆறு வாரம். இந்த நாட்டு மாலைப் பள்ளிகளில் கூடை பின்னப் படிக்கலாம், தேனீ வளர்க்கப் படிக்கலாம், எதையும் படிக்கலாம். ஆனால் பத்துப் பேர் சேராவிட்டால் வகுப்பு நடக்காது. நவாராவுக்கு எட்டுப் பேர்தான் சேர்ந்திருந்தார்கள்.

மகள் தொலைபேசியில் கெஞ்சினாள். "ப்ளீஸ் அப்பா. நீங்களும் அம்மாவும் போனால் சரியாப் பத்து."

எனக்குச் சரித்திரம் ஒத்துவராது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்துக்கு மணி அடித்தால் எனக்கு வயிற்றுவலி வந்துவிடும். ஆனாலும் மகளின் மாமனார் வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பதா? இரண்டு பேரின் பெயரையும் கொடுத்தேன்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு விசயம் ஒன்றைச் சொல்லவேண்டும். என் மனைவி எனக்குச் சொந்த மச்சாள். என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பியின் மகள். நாங்கள் பிறந்த ஊரில் இதை ஒரு செய்தியாக ஒருவரும் பேசமாட்டார்கள். மாமன் மகள் இருக்க வெளியே பெண் தேடினால்தான் கதை கிளம்பும். நானும் அம்மாவின் கண்ணீருக்கு இரங்கி, மாமாவின் பாரத்தை இறக்கிவைத்து, மச்சாளுக்கு வாழ்வு கொடுத்தவன் என்று முப்பது வருடமாக மனதுக்குள் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்துகொண்டிருந்தேன்.

டென்மார்க்கில் அது வேறு கதை. நெருங்கிய சொந்தத்தில் கலியாணம் கட்டுவதைத் தடை செய்யவேண்டும் என்று தொலைக்காட்சியில் பெரிய வாக்குவாதம் நடந்துகொண்டிருந்த காலம் அது. மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, குசினிக் கதவைச் சாத்திவிட்டு, டெனிஷில் மெல்லச் சொன்னாள். பொடியனுக்கு எல்லாம் தெரியும், அவனுக்கு அது ஒரு பிரச்சினை இல்லை. அவனுடைய தாய் தகப்பனுக்கு மட்டும் தெரியவேண்டாம். தெரிந்தால் தன்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நாளைக்குப் பிள்ளை பிறந்தால் அந்தப் பிள்ளையின் விரலையும் எண்ணிப் பார்ப்பார்கள். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அதுக்கென்ன பிள்ளை, சொல்லாமல் விட்டால் போச்சு" என்றேன்.

மனைவி சட்டியைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

சொல்லாமல் விடுவதோடு நான் நின்றிருக்கலாம். சம்பந்தி வீட்டு முதல் விருந்தில் சம்பந்தியம்மா ஆசையோடு கேட்டார், நீங்கள் இரண்டு பேரும் எப்படிச் சந்தித்தீர்கள் என்று. "பஸ்ஸில்" என்றேன். பருத்தித்துறை பஸ். நல்ல மழை. அவளிடம் குடை இல்லை, நான் எழும்பி என் இடத்தைக் கொடுத்தேன். சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். அப்படி ஆட்கள் வாய்த்தால் எனக்கு நாக்கு நிற்காது. அடுத்த விருந்தில் பஸ்ஸின் சில்லுக்குக் காற்றுப் போனது. அதற்கடுத்த விருந்தில் நான் அவளுடைய புத்தகங்களைச் சுமந்துகொண்டு மழைக்குள் ஒன்றரை மைல் நடந்தேன்.

அன்று காரில் திரும்பி வரும்போது மனைவி கேட்டாள். "ஆரப்பா அந்தப் பஸ்ஸிலை வந்த பெட்டை?"

"நீர்தான். வேறை ஆர்?"

"நான் உங்களைக் காற்சட்டை இல்லாமல் கிணத்தைச் சுத்தி ஓடேக்கையே கண்டனான்."

"அதை அவையளுக்குச் சொல்லேலுமே?"

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதியோர் இல்லத்தில் வேலை, களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

முதல் புதன்கிழமை வந்தது. ஏழு மணி என்றால் இங்கே ஏழு மணிதான். நாங்கள் ஏழு மூன்றுக்குப் போனோம், எட்டுப் பேரும் கோப்பியை ஊற்றிக்கொண்டு எங்களைப் பார்த்தபடி இருந்தார்கள். எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள். கிரின்ஸ்டெட் பக்கத்திலிருந்து ஒரு கிழ விவசாயி அவ்வளவு தூரம் கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். முன்வரிசையில் கண்ணாடியைச் சங்கிலியில் கொழுவிய ஒரு அம்மா, எதற்கும் முதல் கை உயர்த்துபவர்.

சம்பந்தி கதையைத் தொடங்கினார். பெரிய சக்கரவர்த்தி ஒருவர் பம்ப்லோனா ஊரின் மதிலை இடித்துவிட்டு மலைக் கணவாய் வழியாகத் திரும்பிப் போனாராம். பாஸ்க்காரர் முன்படையைப் பேசாமல் போகவிட்டு, கடைசியில் சாமான் வண்டிகளோடு வந்தவர்களை மேலேயிருந்து அடித்து நொறுக்கினார்களாம். எனக்கு அந்தச் சனத்தை உடனேயே பிடித்துவிட்டது. பிறகு வந்த ராசாக்களுக்கு இரண்டே இரண்டு பெயர்கள்தான், மாறி மாறி. பேரனுக்குப் பாட்டனின் பெயர். டெனிஷ்காரர் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு கஷ்டமாகவே தெரியவில்லை.

இரண்டாம் வாரம்தான் நான் முதல்முறை பிழை விட்டேன். முதல் ராசாவின் தாய்க்கு இரண்டு கலியாணமாம். ஒருவர் பாஸ்க்காரர், மற்றவர் பள்ளத்தாக்கை ஆண்ட முஸ்லிம் பிரபு. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு பேர், ஒருவன் மலையில் ராசா, மற்றவன் கீழே முஸ்லிம் தலைவன், சண்டை வந்தால் ஒன்றாக நிற்பார்களாம். எனக்கு மெய்சிலிர்த்தது. சம்பந்தி அடுத்த வசனத்தைச் சாதாரணமாகச் சொன்னார்: அந்தச் சகோதரன் ராசாவின் மகளைக் கலியாணம் செய்தான்.

"ஐயோ, அது மகள் முறை!" என்று தமிழில் கத்திவிட்டேன்.

எல்லாரும் திரும்பினார்கள். அண்ணன் தம்பியின் பிள்ளை தன் பிள்ளை மாதிரி, அது பெரிய அநியாயம் என்று டெனிஷில் விளக்கினேன். சங்கிலிக் கண்ணாடி அம்மா தலையாட்டினார். "சித்தப்பாவோ மச்சானோ, சொந்தம் என்றால் எல்லாம் ஒன்றுதான். அருவருப்பு."

"அப்படியில்லை! எந்தப் பக்கத்துச் சொந்தம் என்று பார்க்கவேண்டும், உதாரணத்துக்கு நான்..." என்று எழும்பியே விட்டேன். மகளின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. மிச்சத்தை இருமலாக மாற்றினேன். சம்பந்தி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். என் மனைவி எழும்பவில்லை, முதுகைத் தடவவில்லை. கோப்பியைக் குடித்துக்கொண்டு, நான் இருமுவதைக் கடைசிவரை வடிவாகப் பார்த்தாள்.

மூன்றாம் வாரக் கதையில் நவாராவின் மகாராணி ஒருத்தி வந்தாள். அவளுடைய மகளின் மகன் லியோன் என்ற பக்கத்து ராச்சியத்துக்கு அரசன். குதிரையில் ஏற முடியாத அளவுக்குக் கொழுத்துப்போனான் என்று சனம் அவனை இறக்கிவிட்டது. மகாராணி அவனைக் கூட்டிக்கொண்டு தெற்கே முஸ்லிம்கள் ஆண்ட கோர்டோபாவுக்குப் போனாள். போயும் போயும் யாரிடம்? வாழ்நாள் முழுக்கத் தான் சண்டை பிடித்த கலீபாவிடம். அவரிடம் கெட்டிக்கார வைத்தியர் ஒருவர் இருந்தார். கொழுத்த ராசாவின் வாயைத் தைத்துவிட்டு நீராகாரம் மட்டும் கொடுத்தார்களாம். அது கட்டுக்கதையாகவும் இருக்கலாம் என்றார் சம்பந்தி. மெலிந்தவன் திரும்பிப்போய்ச் சிம்மாசனத்தைப் பிடித்தானாம்.

எதிரியிடம் ஏன் போனாள் என்பதுதான் டெனிஷ்காரருக்கு விளங்கவில்லை. சம்பந்தி பலகையில் கோடு கீறினார். மகாராணியின் தாய் முதலில் கோர்டோபாவில் ஒரு அமீரைக் கட்டியிருந்தவள். அந்தக் கலியாணத்தில் பிறந்த மகனின் மகன்தான் இந்தக் கலீபா. கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொண்டன. சம்பந்தியே அழித்தழித்துக் கீறினார்.

நான் எழும்பினேன். "மிகச் சுலபம். கலீபாவின் தகப்பனும் மகாராணியும் ஒரு தாய் பிள்ளைகள். அப்படியானால் அவள் கலீபாவுக்கு மாமி முறை. மாமி வாசலில் வந்து நின்றால் மருமகன் வைத்தியரைக் கொடுக்காமல் விடுவானா?"

வகுப்பு அப்படியே திகைத்துப்போனது. கிழ விவசாயி மேசையில் தட்டினார். கடைசி நாளுக்கு இந்த ராசகுடும்பம் முழுவதையும் ஒரு படமாகக் கீறித் தரமுடியுமா என்று சம்பந்தி கேட்டார். எனக்குக் கால் நிலத்தில் இல்லை.

சுவரில் ஒட்டும் கடதாசிச் சுருள் ஒன்று வீட்டில் மிச்சம் இருந்தது. அதன் பின்பக்கத்தைக் குசினி மேசையில் விரித்தேன். இரத்தச் சொந்தத்துக்கு நீலம், கலியாணத்துக்குச் சிவப்பு. மனைவி கடைசி நாள் விருந்துக்கு, சுருட்டிப் பொரிக்கும் எங்களூர் ரோல்ஸ் செய்து பழகிக்கொண்டிருந்தாள். ஒரு சிவப்புக் கோட்டை நான் இடையில் வெட்டுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"உவள் ஆர்?"

"மகாராணியின்ரை மருமகள். ராசாவா இருந்த மகனுக்குச் சொந்த மாமியின்ரை மகள். மச்சாள்."

"ஏன் வெட்டுறியள்?"

"தள்ளி வச்சிட்டான். மச்சாளைக் கட்டினது பிழையாம், சமயத்துக்கு ஆகாதாம்."

"கட்டேக்கை தெரியாதே மச்சாள் எண்டு?"

"தெரியாமல்? அதுக்கிடையிலை ஒரு மகனும் பிறந்திட்டான். பிறகுதான் ஆள் வேறை ராச்சியத்து இளவரசியைக் கட்டினது. அங்காலை பெரிய இடத்துச் சம்பந்தம், விளங்குதே?"

"ஓம். பெரிய இடத்துச் சம்பந்தம் எண்டால் மச்சாளைத் தள்ளத்தானே வேணும்" என்றாள்.

அடுப்பை நிறுத்திவிட்டு மேலே போனாள். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு, சாப்பாடு மேசையில் இருக்கிறது, குப்பை வாளி நிறைந்துவிட்டது என்ற அளவில் வந்து நின்றது. முட்டாள்தனத்துக்கும் ஒரு எல்லை வேண்டும். எனக்கு அது இருக்கவில்லை. ரோல்ஸ் சரிவரவில்லை என்று கோபமாக்கும் என்று நினைத்து, நன்றாக இருக்கிறது என்று எட்டுச் சாப்பிட்டேன்.

கடைசிப் புதன்கிழமைக்குக் குடும்பங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மகளும் பொடியனும் ரண்டர்ஸிலிருந்து வந்தார்கள். சம்பந்தியம்மா கேக்கோடு வந்தார். நான் கோட்டும் சூட்டும் போட்டிருந்தேன். சுவரில் இரண்டு மீற்றர் நீளத்துக்கு நவாரா ராசகுடும்பம் தொங்கியது. கூட்டும் தும்புத்தடி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கத் தொடங்கினேன். சக்கரவர்த்தி, ஒரு வயிற்றுச் சகோதரர், மாமி, கொழுத்த ராசா. சனம் சிரித்தது, கைதட்டியது. மகளின் முகத்தில் ஒரு பெருமை. தும்புத்தடி வெட்டிய சிவப்புக் கோட்டில் வந்து நின்றது. ராசா தன் மச்சாளைத் தள்ளிவைத்தான் என்று சொல்லிவிட்டு வேகமாகக் கடந்துபோகப் பார்த்தேன்.

"சரியாகத்தான் செய்திருக்கிறான்" என்றார் சங்கிலிக் கண்ணாடி அம்மா.

சம்பந்தியம்மாவும் லேசாகத் தலையாட்டினார். அப்போது என் மனைவி கையை உயர்த்தினாள். ஆறு வாரத்தில் ஒரு நாளும் கை உயர்த்தாதவள். வேலையிடத்தில் பழகிய தெளிவான டெனிஷில் கேட்டாள்.

"கட்டும்போது அவனுக்குத் தெரியாதா, அவள் யார் என்று?"

அவள் படத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அந்த நிமிடத்தில்தான் என் மரமண்டைக்குள் அது இறங்கியது. மகளைப் பார்த்தேன். அவளுக்கும் விளங்கிவிட்டது. வேண்டாம் அப்பா என்று தலையை மெல்ல ஆட்டினாள். ஒரு பக்கம் பெற்ற பிள்ளை, ஒரு பக்கம் கட்டியவள், கையில் தும்புத்தடி. அந்த ராசாவின்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கோபம் வந்தால் எனக்கு டெனிஷ் இலக்கணம் எல்லாம் போய்விடும்.

"தெரியும்! நல்லாகத் தெரியும்!" என்று கத்தினேன். "பெரிய இடத்தைக் கண்டதும் வெட்கம் வந்துவிட்டது. கோழை! நானும் கோழை. இது என் மாமாவின் மகள். அம்மாவின் சொந்தத் தம்பியின் மகள். பிறந்த நாள் முதல் தெரியும். பஸ் கிடையாது. மழை கிடையாது. எல்லாம் என் பொய்."

மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பொடியன் அவளுடைய தோளில் ஒரு கையை வைத்தான், மற்றக் கையில் பாதி ரோல்ஸ் அப்படியே இருந்தது.

முதலில் வாய் திறந்தவர் சம்பந்தி. "அப்படியானால் பஸ்ஸில் இருந்தது யார்?" என்று கேட்டார். நாற்பது வருடம் சரித்திரம் படிப்பித்த மனிதருக்கு ஆதாரம் பிழைத்துப்போனதுதான் பெரிய கவலை.

பின்னாலிருந்து கிழ விவசாயி தொண்டையைச் செருமினார். "என் பாட்டனும் பாட்டியும் சொந்த மச்சான் மச்சாள்தான். எங்கள் பொட்டல் தரவையில் அந்தக் காலம் சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் வேறு பெண் இருக்கவில்லை" என்றார். சங்கிலிக் கண்ணாடி அம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

சம்பந்தியம்மா எழும்பி என் மனைவியின் பக்கத்தில் போய் இருந்தார். அவருடைய முகத்தில் அருவருப்பு இருக்கவில்லை, பயம் இருந்தது. தொலைக்காட்சியில் பார்த்த கட்டாயக் கலியாணக் கதைகளெல்லாம் மனதில் ஓடியிருக்கவேண்டும். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, மிக மெல்லிய குரலில் கேட்டார். "இந்தக் கலியாணத்துக்கு உங்களிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா?"

"இல்லை. என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை" என்றாள் மனைவி.

நான் தும்புத்தடியை நிலத்தில் ஊன்றிப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தான் கேட்டேன்" என்றாள். "என் அப்பாவிடம் போய், இவரைத்தான் கட்டுவேன் என்று சொன்னேன். இவருக்கு அப்போது தபால் கந்தோரில் வேலை செய்த ஒரு பெண்ணில் கண். முத்திரை வாங்க ஒரு நாளைக்கு மூன்று தரம் போவார். நான் கொஞ்சம் அவசரப்படவேண்டி இருந்தது."

முதலில் சிரித்தது சம்பந்தியம்மா. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மகள் கையை முகத்திலிருந்து எடுத்துவிட்டுத் தாயையே வாயைப் பிளந்து பார்த்தாள். சிரிக்காமல் நின்றவன் நான் ஒருவன்தான். தபால் கந்தோர்க் கதை இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தவன் நான்.

தும்புத்தடியோடு அவளிடம் போனேன். "நீரே கேட்டனீர்?" என்றேன் தமிழில்.

"ஓம்."

"முப்பது வரியமா ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் எனக்கு வாழ்வு குடுத்ததெண்டு நினைச்சு நெஞ்சை நிமித்திக்கொண்டு திரிஞ்சியள். சந்தோசமாத்தானே இருக்கிறார், ஏன் கெடுப்பான் எண்டு விட்டிட்டன்." அவளுடைய குரல் அந்த இடத்தில் உடைந்தது. "ஆனால் நான் கேட்டு வாங்கின மனிசன், ஆரோ மழையிலை நனைஞ்ச பெட்டையைக் கட்டினதெண்டு ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிய, அதைத்தானப்பா என்னாலை தாங்கேலாமல் போச்சு."

எனக்கு அழுகைதான் வந்தது. கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு, அத்தனை பேருக்கும் முன்னால் விக்கி விக்கி அழுதேன். டெனிஷ்காரர் நல்ல மனிதர்கள், எல்லாரும் திரும்பி நின்று கேக்கைப் பார்த்தார்கள்.